பெட்டிகளின் கதை – 9: ஒரே பெயர், இரண்டு பத்திரிகைகள்

சென்ற வாரம் ஸ்காட்லாந்தில் நிறுத்தினோம். 1567 ஜூன் மாதம். எடின்பரோவில் ஒரு வெள்ளிப் பெட்டி பிடிபட்டது. ஓர் அடி நீளம்கூட இல்லாத பெட்டி. உள்ளே கடிதங்கள். அரசி மேரி, பாத்வெல் பிரபுவுக்குத் தன் கைப்பட எழுதியவை என்றார்கள் எதிரிகள். கணவனைக் கொல்லச் சதி செய்ததற்கு அவையே சாட்சி என்றார்கள். மேரி மகுடத்தை இழந்தாள். 1584க்குப் பிறகு அந்த மூலக் கடிதங்களைக் கண்டவர் இல்லை. 'காஸ்கெட் கடிதங்கள்' என்ற பெயர் மட்டும் வரலாற்றில் தங்கிவிட்டது.

அந்தக் காலத்து ஆங்கிலத்தில் காஸ்கெட் என்றால் நகைப்பெட்டி. மோதிரம், முத்துமாலை, முத்திரை, கமுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டிய கடிதம் ஆகியவற்றுக்கான சிறு பெட்டி. பிரெஞ்சுக்காரர்களின் 'காசெட்' என்ற சொல்தான் உருமாறி இப்படி ஆகியிருக்கும் என்று அகராதிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் நம் வீட்டு டேப் ரிக்கார்டரில் இளையராஜாவைச் சுமந்து ஓடிய கேசட்டும் இதற்குத் தூரத்துச் சொந்தம்.

இன்று அமெரிக்காவில் காஸ்கெட் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகம் வாடிவிடும். யார் இறந்தது என்று கேட்பார். நகைப்பெட்டி அங்கே சவப்பெட்டி ஆகிவிட்டது.

எப்போது ஆனது? யார் ஆக்கினார்கள்?

*

இரண்டு பத்திரிகைகளிலிருந்து தொடங்குவோம்.

1826. ஃபிலடெல்ஃபியா நகரம். சாமுவேல் அட்கின்சன் என்ற பதிப்பாளர் ஒரு மாதப் பத்திரிகை தொடங்குகிறார். கதை, கவிதை, துணுக்கு, நடுநடுவே செதுக்குப் படங்கள். குடும்பத்துப் பெண்கள் வரவேற்பறை மேசையில் வைத்துக்கொள்ளத் தகுந்த பத்திரிகை. பெயர் 'தி காஸ்கெட்'. உள்ளே இருப்பதெல்லாம் முத்து, பவளம் என்று வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்நாளில் இது ஒரு மோஸ்தர். 'ரத்தினம்', 'தாயத்து', 'நினைவுப் பரிசு' என்றெல்லாம் ஆண்டுமலர்களுக்குப் பெயர் வைப்பார்கள்.

1876. நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரம். அங்கேயும் ஒரு பத்திரிகை தொடங்குகிறது. இதன் வாசகர்கள் ஈமச் சடங்குத் தொழிலில் இருப்பவர்கள். சவ ஊர்தி, பெட்டிக் கைப்பிடி, உள்விரிப்புத் துணி என்று முழுக்கத் தொழில் சமாசாரம். இதன் பெயரும் 'தி காஸ்கெட்'.

இரண்டுக்கும் நடுவே சரியாக 50 ஆண்டுகள். முதல் பத்திரிகையை இளம்பெண்ணாக வாங்கிப் படித்த ஒருத்தி, இரண்டாம் பத்திரிகையின் விளம்பரத்தில் வந்த சரக்குக்குள் அடக்கமாகியிருக்கலாம். ஒரே தலைமுறைக்குள் நடந்து முடிந்த மாற்றம் இது.

இந்த 50 ஆண்டுகளில் முதலில் மாறியது சொல்லா, பெட்டியா? பெட்டிதான் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

*

பழைய பெட்டியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஊர்களில் சவப்பெட்டிக்கென்று தனிக் கடை கிடையாது. யாராவது கண் மூடினால் ஊர்த் தச்சருக்கு ஆள் போகும். அவர் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வருவார். தலை முதல் பாதம் வரை ஒரு கோடு, தோளுக்குத் தோள் ஒரு கோடு. அவ்வளவுதான் அளவு. அவருடைய கணக்குப் புத்தகத்தில் மேசை, தொட்டில், கட்டில், சவப்பெட்டி எல்லாம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரியில் கிடக்கும்.

அந்தப் பெட்டிக்கு ஆறு பக்கம். தலைமாட்டில் குறுகல், தோளில் அகலம், அங்கிருந்து கால்மாடு வரை மறுபடி குறுகல். பக்கப் பலகையைத் தோளருகே வளைப்பதில்தான் தச்சரின் கைவண்ணம். பலகையின் உட்புறத்தில், வளைய வேண்டிய இடத்தில், பாதி ஆழத்துக்கு வரிசையாக ரம்பத்தால் கீறுவார். கீறிய இடத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவார். மரம் இளகும். மெல்ல மடக்கினால் கீறல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, பலகை உடையாமல் வளைந்து கொடுக்கும். கீறல் ஒரு நூல் அதிகமானாலும் பலகை படீரென்று முறியும். பிறகு ஆணி, மூட்டுகளில் தார், அடியில் இழைப்புளிச் சுருள். சுருள் மேல் ஒரு துணி.

இதற்குப் பெயர் காஃபின். கிரேக்கத்தில் 'கோஃபினோஸ்' என்றால் கூடை. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு ஐயாயிரம் பேருக்கு இயேசு உணவிட்ட கதையில், மீந்த துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் நிரப்பினார்கள் அல்லவா? கிரேக்க மூலத்தில் அந்தக் கூடைக்கு வரும் சொல்லே இது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பெட்டி ஆனது. பழைய ஆங்கிலேயச் சமையல் குறிப்புகளில் இறைச்சியை வைத்து மூடிச் சுடும் மாவுக் கூட்டுக்கும் காஃபின் என்றே பெயர்.

கூடை என்று தொடங்கிய சொல், கடைசியில் சாவை மட்டும் குறிக்கும்படி சுருங்கிவிட்டது. பெட்டியின் வடிவமும் அப்படித்தான். ஆறு பக்கப் பெட்டியைத் தூரத்தில் பார்த்தாலே உள்ளே ஓர் ஆள் கிடக்கிறார் என்று தெரியும். தோள் தெரியும், கால் தெரியும். அதை வேறு எதுவாகவும் நினைக்க முடியாது.

*

இப்போது எட்கர் ஆலன் போ வருகிறார்.

அட்கின்சனின் 'காஸ்கெட்' கைமாறி ஜார்ஜ் கிரஹாம் என்பவரிடம் வந்தது. 1840இல் அவர் இன்னொரு பத்திரிகையையும் விலைக்கு வாங்கினார். காஸ்கெட்டுக்கு 1,500 சந்தாதாரர்கள், மற்றதற்கு 3,500. இரண்டையும் சேர்த்து 'கிரஹாம்ஸ் மேகஸின்' ஆக்கினார். 1841இல் அதன் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார் போ. ஆண்டுச் சம்பளம் 800 டாலர். உலகின் முதல் துப்பறியும் கதை என்று பலரும் கொண்டாடும் 'ரூ மார்க் கொலைகள்' அந்த ஆண்டு ஏப்ரலில் அங்கேதான் வெளியானது. அழகான நகைப்பெட்டி ஒன்று மூடப்பட்ட இடத்தில், பிணங்களின் கதை தொடங்கியது. வரலாறு சில சமயம் இப்படி நாவலாசிரியர் போல நடந்துகொள்ளும்.

நமக்கு வேண்டியது 1844இல் போ எழுதிய வேறொரு கதை. 'நீள்சதுரப் பெட்டி' என்று தமிழில் சொல்லலாம்.

தென்கரோலைனாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குக் கப்பல் புறப்படுகிறது. வயட் என்ற ஓவியர் தன் அறைக்குள் ஒரு நீள்சதுர பைன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார். கதைசொல்லி அவருடைய நண்பர். விலைமதிப்பில்லாத ஓவியம் ஒன்றை ரகசியமாகக் கொண்டுபோகிறான் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறார். புயல் வருகிறது. கப்பல் மூழ்கும்போது வயட் தன்னைப் பெட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு கடலுக்குள் போகிறார்.

உள்ளே இருந்தது ஓவியமில்லை. உப்பிட்டுப் பாதுகாத்த அவருடைய மனைவியின் உடல். பிணம் இருக்கிறது என்று தெரிந்தால் பயணிகளில் பெரும்பாலோர் கப்பலில் ஏறியே இருக்கமாட்டார்கள் என்று கப்பல் தலைவர் பிறகு விளக்குகிறார். அதனால்தான் சரக்கு என்று சொல்லி ஏற்றினார்கள்.

கதையின் திகிலை ஒதுக்கிவிட்டு அதன் அடியில் கிடக்கும் சிக்கலைப் பாருங்கள். அமெரிக்கா அப்போது அகன்றுகொண்டிருந்தது. நியூயார்க்கில் பிறந்தவன் மிசிசிப்பியில் கடை வைக்கிறான். பாஸ்டன்காரன் ஒஹையோவில் நிலம் வாங்குகிறான். நீராவிக் கப்பலும் ரயிலும் வந்தாயிற்று. ஆனால் வெளியூரில் செத்தவனை ஊருக்குக் கொண்டுவர வழி இல்லை. தச்சரின் மரப்பெட்டி நாற்றத்தைத் தடுக்காது. போ கண்டுபிடித்த வழி, பிணத்தைச் சரக்கு என்று பொய் சொல்வது.

நிஜ வாழ்க்கையில் ஒருவர் வேறு வழி தேடிக்கொண்டிருந்தார்.

*

ஆல்மண்ட் ஃபிஸ்க். நியூயார்க்கில் அடுப்பு வியாபாரம். வார்ப்பிரும்பை உருக்கி, அச்சில் ஊற்றி, புகை கசியாமல் பொருத்தும் கலை அவருக்குக் கைவந்தது.

போவின் கதை வெளியான அதே 1844இல் ஃபிஸ்க்குடன் பிறந்த வில்லியம் மிசிசிப்பியில் இறந்தார். உடலை நியூயார்க்குக்குக் கொண்டுவரக் குடும்பம் ஏங்கியது. முடியவில்லை. அந்தத் துயரத்தில்தான் ஃபிஸ்க்குக்குத் தன் தொழிலின் பக்கம் பார்வை திரும்பியது என்று சொல்வார்கள். புகை கசியாத இரும்புப் பெட்டியை அடுப்புக்காகச் செய்கிறவனுக்கு, காற்றுப் புகாத இரும்புப் பெட்டியை உடலுக்காகச் செய்ய முடியாதா?

1848 நவம்பர் 14. அமெரிக்கக் காப்புரிமை எண் 5,920.

எகிப்திய மம்மி போன்ற வடிவம். மேலோடு ஒன்று, கீழோடு ஒன்று. இரண்டின் விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து மறையாணியால் முடுக்கப்படும். இடுக்கு அடைக்கப்படும். உள்ளே காற்றைக் குறைவாக விட வேண்டும் என்பதற்காக, உடலின் மேடுபள்ளத்தை ஒட்டியே ஓடு வார்க்கப்பட்டது. மேலோட்டின் இரும்பில் துணி மடிப்புகள். பார்த்தால் யாரோ ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு போர்வை போர்த்திப் படுத்திருப்பதுபோல் இருக்கும்.

முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு மேல் கீல் வைத்த சிறு இரும்பு மூடி. மூடியைத் தூக்கினால் இறந்தவர் முகம் தெரியும். காலரா, அம்மை என்று எதில் செத்திருந்தாலும் உறவினர் பயமில்லாமல் கிட்டே நின்று பார்க்கலாம்.

இன்று நம் தெருக்களில் சாவு விழுந்த வீட்டு வாசலில் ஃப்ரீசர் பாக்ஸ் வந்து இறங்குகிறதே, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை விமானம் பிடித்து வந்து சேரும்வரை கண்ணாடிக்கு அந்தப்புறம் அப்பா கிடக்கிறாரே, அந்த ஏற்பாட்டுக்கும் இதற்கும் தேவை ஒன்றுதான். தூரம் போன பிள்ளைகள், காத்திருக்கும் முகம்.

விலை? பைன் பலகைப் பெட்டி 2 டாலர் அளவில் கிடைத்த காலம் அது. ஃபிஸ்க்கின் இரும்புப் பெட்டி 100 டாலரையும் தாண்டும்.

அவ்வளவு கொடுத்து யார் வாங்குவார்கள்? 1849 ஜூலை 12ஆம் தேதி வாஷிங்டனில் டாலி மேடிசன் காலமானார். நான்காம் ஜனாதிபதியின் மனைவி, தலைநகரமே பாட்டி ஸ்தானத்தில் வைத்துப் போற்றியவர். அவரை ஃபிஸ்க்கின் பெட்டியில் வைத்தார்கள். பெரிய மனிதர்கள் கிட்டே நின்று பார்த்தார்கள்.

அதே ஆண்டு ஃபிஸ்க்கின் ஆலை தீப்பிடித்தது. கடன் கழுத்தை நெரித்தது. அடுத்த ஆண்டே ஃபிஸ்க் இறந்துபோனார். தன் கண்டுபிடிப்பின் வெற்றியை அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

*

1850 மார்ச் 31. வாஷிங்டனில் ஒரு விடுதி அறை. செனட்டர் ஜான் கால்ஹூன் காசநோயில் இறக்கிறார்.

தென் மாநிலங்களின் குரல் அவர். அடிமை முறை தீமையே இல்லை, நன்மை என்று செனட்டில் நின்று வாதாடியவர். நான்கு வாரங்களுக்கு முன், மார்ச் 4ஆம் தேதி, கடைசி உரையை எழுதிக்கொண்டு வந்திருந்தார். படிக்கத் தெம்பில்லை. வேறொரு செனட்டர் படிக்க, போர்வை போர்த்தியபடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய உடல் சார்ல்ஸ்டன் போயாக வேண்டும். போவின் கப்பல் புறப்பட்ட அதே சார்ல்ஸ்டன். வாஷிங்டன் கல்லறை வளாகத்தில் சில வாரம் வைத்திருந்து, ஏப்ரல் 22ஆம் தேதி செனட் குழுவோடு புறப்பட்டது. ஏப்ரல் 25ஆம் தேதி சார்ல்ஸ்டன் சேர்ந்தது. மறுநாள் அடக்கம். இறந்து 26 நாள்.

போ கதையில் வரும் உடல் பொய்ப்பெயரில், உப்புக்குள், கள்ளத்தனமாகப் பயணம் போனது. கால்ஹூனின் உடல் ஃபிஸ்க்கின் இரும்புப் பெட்டிக்குள், அரசாங்க மரியாதையோடு, வழியெங்கும் கூட்டம் கூடிப் பார்க்கப் போனது. ஆறே ஆண்டு இடைவெளி.

இந்தப் பயணத்தைத்தான் திருப்புமுனை என்பேன். கல்லறை வளாகம்வரை உடன்சென்று அந்தப் பெட்டியைப் பார்த்த செனட்டர்கள் சிலர் உற்பத்தியாளர்களுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். ஹென்றி கிளே, டேனியல் வெப்ஸ்டர், ஜெஃபர்சன் டேவிஸ் எல்லோர் கையெழுத்தும் அதில் இருந்தது. நாடு உடையுமா நிலைக்குமா என்று செனட்டில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தவர்கள், சவப்பெட்டி விஷயத்தில் ஒன்றுபட்டுவிட்டார்கள். கம்பெனி அந்தக் கடிதத்தை விளம்பரமாகப் போட்டுக்கொண்டது. பிறகென்ன?

சரக்குக்கு இப்போது விலை இருந்தது, பெருமை இருந்தது. ஒன்றுதான் இடித்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மம்மி வடிவம் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே கிடக்கும் உடலை இரும்பிலே இன்னொரு முறை செய்துவைத்தது போலிருந்தது அது. உரிமம் பெற்று சின்சினாட்டியில் தயாரித்த கிரேன் அண்ட் பிரீட் போன்ற நிறுவனங்கள் துணி மடிப்பைக் கைவிட்டன, தோள் வளைவைக் கைவிட்டன. 1850களின் பின்பாதியில் பெட்டி நான்கு பக்கத்துக்கு வந்துவிட்டது. நேர் மூலை, தட்டையான மூடி, உள்ளே மெத்தைபோல் திரைத்த சாட்டின் துணி.

தச்சரின் பார்வையில் யோசித்துப் பாருங்கள். நான்கு பக்கப் பெட்டிக்குக் கீறலும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். ஆலையில் ஒரே அளவில் நூறு செய்யலாம். ரயில் வண்டியில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். ஆளுக்கு அளவெடுக்கும் வேலையும் மிச்சம்.

இன்னொன்றும் நடந்தது. இந்தப் பெட்டியைப் பார்த்தால் உள்ளே ஆள் கிடப்பது தெரியாது. தோளும் இல்லை, காலும் இல்லை. நீளமான, விலையுயர்ந்த, உள்ளே பட்டு தைத்த பெட்டி. அது எதை நினைவூட்டும்?

பெட்டி நகைப்பெட்டி போல ஆன பிறகுதான், அந்தப் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. கம்பெனிகள் விளம்பரத்தில் 'காஸ்கெட்' என்று எழுதத் தொடங்கின.

*

வெறும் வியாபாரத் தந்திரம் என்று இதைத் தள்ளிவிடலாம். அது பாதி உண்மைதான்.

அந்தச் சொல் சாவுக்குப் பக்கத்தில் ஏற்கனவே வந்து நின்றிருந்தது. தேவாலயப் பிரசங்கங்களிலும் கல்லறை வாசகங்களிலும் புழங்கிய ஓர் உவமை உண்டு. ஆன்மா ரத்தினம், உடல் அதை வைத்திருந்த காஸ்கெட். ரத்தினத்தை ஆண்டவர் எடுத்துக்கொண்டார், வெறும் பெட்டி மண்ணுக்குப் போகிறது. நம்மூரில் பறவை பறந்துவிட்டது, கூடுதான் கிடக்கிறது என்போமே, அதே எண்ணம்.

ஷேக்ஸ்பியருக்குக்கூட இது தெரிந்திருக்கிறது. வெனிஸ் வணிகன் நாடகத்தில் மணமகளை அடைய மூன்று காஸ்கெட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொராக்கோ இளவரசன் ஆசையோடு தங்கப் பெட்டியைத் திறக்கிறான். உள்ளே மண்டையோடு.

பெட்டி வியாபாரிகள் அந்த உவமையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பிரசங்கியார் கணக்கில் உடல் என்பது பெட்டி, ரத்தினம் பறந்துபோய்விட்டது. வியாபாரியின் கணக்கில் உடலே ரத்தினம், அதை வைக்க ஒரு பெட்டி வேண்டும், அதற்கு விலை உண்டு. போதகர்கள் நூறு வருஷமாக உழுதுவைத்த நிலத்தில் கம்பெனிக்காரர் விதைத்துவிட்டுப் போனார்.

காலமும் அவர்களுக்கு வாகாக இருந்தது. 1831இல் பாஸ்டனுக்கு அருகே மவுண்ட் ஆபர்ன் திறக்கப்பட்டது. மரங்களும் குளங்களும் உள்ள, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உலாவப் போகிற இடுகாடு. கோயில் முற்றத்துப் புதைகுழியிலிருந்து சாவு பூங்காவுக்குக் குடிபோயிற்று. பூங்காவுக்கு ஏற்ற பெட்டியும் பெட்டிக்கு ஏற்ற பெயரும் பின்னாலேயே வந்தன.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. நாவலாசிரியர் நத்தானியல் ஹாதோர்ன் கொதித்தார். லிவர்பூலில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த அனுபவங்களை வைத்து 1863இல் அவர் வெளியிட்ட 'நம் பழைய வீடு' நூலில், பேச்சோடு பேச்சாக இந்தச் சொல்லை ஒரு பிடி பிடித்திருக்கிறார். கேவலமான புதுவழக்கு, இதைக் கேட்டால் புதைக்கப்படும் எண்ணமே முன்னைவிட அருவருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

அவர் கோபத்துக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாதோர்னின் இளமைக்காலக் கதைகள் பல வெளிவந்தது 'தி டோக்கன்' போன்ற பரிசு மலர்களில். காஸ்கெட், டோக்கன், ஜெம் என்பவையெல்லாம் அவர் தலைமுறைக்கு அச்சு மை வாசனையும் முதல் கதை வெளியான சந்தோஷமும் கலந்த சொற்கள். அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பிணத்துக்குப் போர்த்தினால் யாருக்குத்தான் எரியாது?

அவர் எரிச்சல் எடுபடவில்லை. இலக்கியவாதிகள் தோற்ற வழக்குகளில் இதுவும் ஒன்று.

*

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. நான்கே ஆண்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோருக்குப் பெட்டியே கிடைக்கவில்லை, போர்வையும் குழியும்தான். வசதியுள்ள குடும்பங்கள் மட்டும் பிள்ளையின் உடலை ரயிலேற்றி வரவழைத்தன. முன்பு செனட்டருக்குக் கிடைத்தது இப்போது கடைக்காரர் மகனுக்கும் கிடைக்கலாம் என்ற ஆசை நாடு முழுக்கப் பரவியது.

போர் முடிந்ததும் தச்சர் காலமும் முடிந்தது. ராச்செஸ்டரில் ஸ்டைன் என்ற நிறுவனம் வெல்வெட் போர்த்திய காஸ்கெட்டுகளைச் செய்து குவித்தது. 1885இல் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் இறந்தபோது அவருக்கான பெட்டி அங்கிருந்துதான் போயிற்று. நாம் பார்த்த இரண்டாவது பத்திரிகை தொடங்கியதும் அதே ஊர். 1882இல் ஈமத் தொழில் செய்பவர்களின் தேசியச் சங்கம் கூடியதும் அதே ஊர். அவர்கள் தங்களை 'ஃபியூனரல் டைரக்டர்' என்று அழைத்துக்கொண்டார்கள். சரக்குக்குப் புதுப் பெயர் கிடைத்தது, விற்பவருக்கும் கிடைத்துவிட்டது. 1890இல் பல ஆலைகள் இணைந்து 'நேஷனல் காஸ்கெட் கம்பெனி' உருவானபோது, அந்தப் பெயரைக் கேட்டு நகைப்பெட்டிக் கம்பெனி என்று நினைக்க ஓர் அமெரிக்கர்கூட மிச்சமிருந்திருக்கமாட்டார்.

இங்கிலாந்து இதில் சேரவில்லை. அங்கே இன்றும் காஃபின்தான். காஸ்கெட் என்றால் பெரும்பாலும் எரித்த சாம்பலை வைக்கும் சிறு பெட்டி.

நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? தமிழில் பேழை என்றால் அணிகலனும் ஆடையும் வைக்கும் பெட்டி. ஆனால் 2016 டிசம்பரிலும் 2018 ஆகஸ்டிலும் மெரினாவில் முதலமைச்சர் பதவி வகித்த இருவர் அடக்கமானபோது நம் பத்திரிகைகள் எழுதியது 'சந்தனப் பேழை' என்று. தெருமுனைப் பட்டறையில் ஏழைக்கு அடிக்கும் பலகைப் பெட்டியை யாரும் பேழை என்று எழுதி நான் பார்த்ததில்லை. அது சவப்பெட்டி. பேச்சில் வெறும் பொட்டி. கால்ஹூனுக்கு முதலில், கடைக்காரர் மகனுக்குப் பிறகு என்ற அமெரிக்க வரிசையில் நாம் இன்னும் முதல் படியில்தான் நிற்கிறோம்.

*

ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் இருக்கிறது.

ஃபிஸ்க்கின் பெட்டி இறுக மூடியது. காற்று புகாது. கண்ணாடி வழியாக முகம் தெரியும். ஆனால் புதிய காஸ்கெட்டின் மூடியைத் திறந்துவைத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முகத்தை நேரிலேயே பார்க்க வேண்டும் என்றார்கள். நகைப்பெட்டி என்று பெயர் வைத்தாயிற்று, உள்ளே இருக்கும் நகை கெட்டுப்போனால்?

1865 ஏப்ரல் 15 காலையில் ஆபிரகாம் லிங்கன் உயிர் பிரிந்தது. ஏப்ரல் 21ஆம் தேதி அவர் உடலோடு வாஷிங்டனிலிருந்து ஒரு ரயில் கிளம்பியது. கூடவே, மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்த அவருடைய சிறுவயது மகன் வில்லியின் பெட்டியும் ஏற்றப்பட்டது. 1,600 மைலுக்கும் மேல் பயணம். பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், சிகாகோ என்று ஊருக்கு ஊர் இறக்கி, மூடியைத் திறந்து, லட்சக்கணக்கானவர்களுக்கு முகத்தைக் காட்டினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் மே 4ஆம் தேதி அடக்கம். இறந்து 19 நாள். பனிக்கட்டியை நம்பிச் செய்கிற காரியமா இது?

அந்த ரயிலில் உடலோடு கூடவே ஒருவர் பயணம் செய்தார். ஒவ்வோர் ஊரிலும் மூடி திறப்பதற்கு முன்னால் அவர்தான் முதலில் உள்ளே போவார். நியூயார்க் வந்தபோது முகம் கறுக்கத் தொடங்கிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அங்கே என்ன செய்தார்? போர்க்களத்தில் கூடாரம் அடித்து, செத்த அதிகாரிகளின் உடலுக்கு இவ்வளவு என்று விலை வைத்து, உடலைக் கெடாமல் காக்கும் அந்த வித்தையைத் தொழிலாக்கியது யார்?

(தொடரும்)